பதினேழு ஜோடிச் செருப்பு

கிடங்குத்திட்டின் வரலாற்றை என்னிடம் கேட்காதீர்கள். டச்சுக்காரர்கள் அந்தத் தீவில் எதற்காகக் கிடங்கு கட்டினார்கள், துணி மூட்டைகள் எந்த வழியாகக் கப்பலுக்குப் போயின, கல்லறைக் கற்களில் ஏன் எலும்புக்கூட்டைச் செதுக்கினார்கள் என்பதையெல்லாம் புதிதாக வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் படித்துவிட்டே வந்திருக்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு வருடம் நம் சுற்றுலா வேனை ஓட்டினேன். வழிகாட்டி பின்னால் நின்று சொல்லும் கதையைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனதுதான் என் படிப்பு.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு ஆளைத் தீவில் விட்டுவிட்டு வந்த கதை. மந்தைவெளி அலுவலகத்தில் டீ குடிக்கும்போது யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்களும் பாதி கேட்டிருப்பீர்கள். மீதிப் பாதியையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன். எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு வராது.

பேச வராது என்பதுதான் இந்தக் கதையின் தொடக்கமே.

எனக்கு முன்னால் வழிகாட்டியாக இருந்தவருக்கு வெண்கலக் குரல். படகுத்துறையில் நின்று பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் அக்கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கதை பூரா உனக்குத்தான் தெரியுமே, நீயே போயேன்" என்றார். மறுக்கவும் எனக்குக் கூச்சம். சரி என்று சொல்லிவிட்டேன்.

கதை சொல்வதுகூடப் பழகிவிட்டது. கிடங்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவேன். ஆனால் முன்பின் தெரியாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், ஒவ்வொரு முகமாக விரல் நீட்டி எண்ணுவதும் என்னால் முடியவே இல்லை. அதிலும் பெண்கள் பக்கம் தலையை நிமிர்த்தவே மாட்டேன். அதனால் எனக்கென்று இரண்டு ஏற்பாடு செய்துகொண்டேன்.

ஒன்று, மணி. சத்தம் போட்டுக் கூப்பிடுவதற்குப் பதிலாக, புறப்படக் கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு பித்தளை மணியை அடிப்பேன்.

இன்னொன்று, செருப்பு. நம் படகுக்காரர் படகில் செருப்புப் போட்டு ஏற விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குப் படகு சோறு போடுகிற தாய். அதனால் எல்லோரும் செருப்பைக் கழற்றி முன்பக்கத்தில் இருக்கும், மீன் அள்ளும் நீலநிறப் பிளாஸ்டிக் கிரேடில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். திட்டில் இறங்கியதும் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். திரும்பி ஏறும்போது மறுபடி கிரேடில் வைப்பார்கள். நான் குனிந்து அதை எண்ணிக்கொள்வேன். காலையில் எத்தனை ஜோடியோ, மாலையிலும் அத்தனை ஜோடி இருந்தால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று பொருள். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அதில் ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

படகுக்காரர்தான் கேலி செய்வார். "இன்னா நைனா, ஆளை எண்ணச் சொன்னா செருப்பை எண்ணிக்கினு கீறே? என்கிட்ட செருப்பே கெடையாது. அப்போ நான் ஆளில்லியா?"

"நீங்க படகு கணக்கு, ஆள் கணக்கு இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் விளையாட்டாகச் சொன்னதை அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் தனியாகப் போக ஆரம்பித்த முதல் பருவம் அது. மார்கழி பிறந்து சில நாட்கள். பூநாரைகள் வந்து இறங்கும் காலம் என்பதால் கூட்டம் நன்றாகவே இருந்தது. அன்று வேனில் பதினெட்டுப் பேர். மயிலாப்பூர் குளத்தங்கரையில் ஏறியவர்களில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மாமி ஒருவர். மந்தைவெளியில் தையல்கடை வைத்திருக்கும் பாய், அவருடைய மனைவி, அம்மா. தி.நகரிலிருந்து போனும் கையுமாக ஒரு இளைஞர். அடையாறில் ஏறிய இரண்டு குடும்பங்கள். இன்னும் சிலர். இவர்களோடு ஆதம்பாக்கத்திலிருந்து தனியாக வந்த ஒருவர்.

அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, துளசி மாலை, தோளில் ஒரு பை. ஐம்பது வயது இருக்கும். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை என்று மாமி கேட்டபோது சொன்னார். கேட்காமல் அவர் எதுவும் சொல்லவில்லை. மாலை போட்டவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் சாமிதான். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

படகு புறப்பட்டதும் மாமி தன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். "சாமி, இது நெய்யப்பம். ஸ்நானம் பண்ணிட்டு மடியாப் பண்ணது. ஒண்ணு எடுத்துக்கோங்கோ."

"இப்ப வேணாம் மாமி. ஒருவேளைச் சாப்பாடு. மத்தியானம் சாப்பிட்டப்புறம் வாங்கிக்கிறேன்."

"அப்ப சாயங்காலம் திரும்பறச்சே தரேன். சாமிக்குக் குடுத்தப்புறம்தான் மத்தவாளுக்கு." டப்பா மூடி திரும்பப் பைக்குள் போயிற்று. தி.நகர் இளைஞரின் கண் அதன் பின்னாலேயே போனது.

கிரேடில் குனிந்து எண்ணினேன். பதினேழு ஜோடி. அந்த எண்ணை மனதில் போட்டுக்கொண்டேன். வேனில் ஏறும்போது பட்டியலில் பதினெட்டுப் பெயருக்கு டிக் அடித்தவனும் நான்தான். ஆனால் படகில் ஏறிய பிறகு எனக்குப் பட்டியல் நினைவே வராது. கிரேடுதான் என் பட்டியல்.

மாலை போட்டவர்கள் செருப்புப் போடமாட்டார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். அவர் வெறுங்காலோடு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் செருப்பை எண்ணினேன்.

திட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கிடங்கு, கல்லறைகள், கண்காணிப்புக் கோபுரத்தின் மிச்சம் என்று சுற்றிக் காட்டினேன். மதியம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாம் கொடுக்கும் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டார்கள். சாமி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கோபுரத்துக்குப் பின்பக்கம் தனியாகப் போனார். விரதக்காரர் ஒதுங்கிச் சாப்பிடுகிறார் என்று யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டேகாலுக்கு மணி அடித்தேன். காற்று கோபுரத்துப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது என்று இப்போது நினைவுக்கு வருகிறது. இரண்டரைக்கு எல்லோரும் செருப்பைக் கழற்றி ஏறினார்கள். எண்ணினேன். பதினேழு. லைஃப் ஜாக்கெட்டில் காலையைவிட ஒன்று கூடுதலாக மிச்சம் கிடந்தது. ஆனால் நம் படகில் எப்போதும் நாலைந்து கூடுதலாகவே கிடக்கும். "போலாம்" என்று படகுக்காரருக்குக் கையைக் காட்டினேன்.

கால் மணி நேரம் போயிருப்போம். மாமி டப்பாவைத் திறந்துகொண்டு எழுந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"ஏம்ப்பா, சாமி எங்கே?"

கிரேடைப் பார்த்தேன். பதினேழு ஜோடியும் ஒழுங்காக இருந்தன. பிறகுதான் நிமிர்ந்து முகங்களைப் பார்த்தேன். கறுப்பு வேட்டி எங்கும் இல்லை.

பட்டியலில் இருந்த அவர் எண்ணுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திட்டில் சிக்னல் கிடையாது என்பது தெரிந்தும் போட்டேன்.

படகுக்காரரிடம் போய்க் காதில் சொன்னேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் மெதுவாகச் சொன்னார்: "நைனா, பதட்டப்படாதே. அவுரு அடுத்த படகுல வராருன்னு அந்தம்மா கையில சொல்லிடு. இவங்கள கரையில எறக்கி வுட்டுட்டு நான் ஒருத்தனா போயி இட்டாந்துர்றேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

தம்பிகளே, தங்கைகளே, அந்த யோசனை எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பதினேழு பேர் நேரத்துக்கு வீடு போவார்கள். என் வேலையும் போகாது. "அடுத்த படகுல வராரு மாமி" என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது.

ஆனால் தண்ணீரைப் பார்த்தேன். திட்டுக்குப் போகிற வாய்க்கால் ஆழமில்லாதது. கடல் உள்வாங்கி ஓதம் இறங்கினால் சேறுதான் மிஞ்சும்.

"கரைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா உள்ளே போகத் தண்ணி இருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் தாடையைச் சொறிந்தார்.

"சொல்லுங்க."

"ஓதம் எறங்கிக்கினு கீது. இப்பவே திருப்பினா உண்டு. கரையத் தொட்டுட்டு வந்தா... காலைலதான்."

அவ்வளவுதான். அந்த ஆள் ஒரு ராத்திரி முழுக்கக் குடிதண்ணீர் இல்லாத திட்டில் இருப்பாரா, மாட்டாரா என்பது அடுத்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறப்பதைப் பொறுத்தது. படகை யாருக்கும் சொல்லாமல் திருப்பவும் முடியாது. பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு வற்றுகிற வாய்க்காலுக்குள் போகிறோம். மாட்டிக்கொண்டால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அவர்களைக் கேட்காமல் அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை.

எழுந்து நின்றேன். குரல் வரவில்லை. வேறு வழி தெரியாமல் மணியை எடுத்து அடித்தேன். படகே திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றேன். "சாமியைத் தீவுல விட்டுட்டு வந்துட்டோம். விட்டுட்டோம் இல்ல, நான் விட்டுட்டேன். நான் ஆளை எண்ணல, செருப்பை எண்ணினேன். அவர்கிட்ட செருப்பு இல்ல. இப்பவே திரும்பினாத்தான் அவரைக் கூட்டிட்டு வர முடியும். திரும்பினா உங்களுக்கு ஒரு மணி நேரம் லேட் ஆகும். தண்ணி வத்திட்டா கொஞ்சம் மாட்டிக்கவும் மாட்டிப்போம்."

என் வாழ்க்கையில் அதுவரை நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பாயின் அம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு அதட்டினார். "அரே, இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? படகைத் திருப்புப்பா! மனுசன் அங்க ஒண்டியா நிக்கறான், இவன் பிரசங்கம் பண்ணிக்கினு கீறான்."

"மாமி, உங்களுக்கு ஆறரைக்குக் கச்சேரின்னு சொன்னீங்களே" என்றேன்.

"கச்சேரி எங்கேயும் ஓடிப்போயிடாது. பாதியில போய் உக்காந்துக்கறேன். அவருக்குக் குடுக்காம இந்த டப்பாவைத் திருப்பி ஆத்துக்கு எடுத்துண்டு போனா எனக்குத்தான் ஆகாது." மாமி டப்பாவை மடியில் வைத்து மூடிக்கொண்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "செருப்பை எண்ணினானாம். முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தேன், இப்படி ஒரு கணக்கை நான் பாத்ததே இல்லைடாப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். தி.நகர் இளைஞர் மட்டும் போனை உயர்த்திப் பிடித்தார். "அண்ணா, சொல்லாம செய்ய மாட்டேன். இதை நான் கண்டிப்பா ரிவ்யூல போடுவேன்."

"போடுங்க தம்பி" என்றேன். அதற்குள் படகு திரும்பிவிட்டது.

வாய்க்காலின் வாயில் படகின் அடி சேற்றில் உரசியது. படகுக்காரர் இஞ்சினைத் தூக்கிவிட்டு மூங்கிலை ஊன்றினார். "இதுக்கு மேல போனா ஒக்காந்துக்கும். நீ எறங்கி நட. கால் மணி நேரம் தாக்குப் பிடிப்பேன். அதுக்குள்ள அவரோட வா."

இறங்கினேன். முழங்காலளவு தண்ணீர், பிறகு கணுக்காலளவு, பிறகு சிப்பி குத்துகிற சேறு. என் செருப்பு அக்கரையில் படகுத்துறையிலேயே கிடந்தது. வெறுங்காலோடுதான் ஓடினேன்.

கிடங்கு வாசல் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் பையின் மேல் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சாமி, மன்னிச்சிடுங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "என் தப்பு. உங்களை எண்ணாமப் போயிட்டேன்."

"பரவால்ல சாமி." மாலை போட்டவர்களுக்கு எதிரில் இருப்பவர்களும் சாமிதான். "சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணை மூடினேன். நேரம் போனது தெரியல. வந்து பாத்தா படகு கெளம்பியிருந்துச்சு."

"எவ்வளவு தூரத்துல போய்க்கிட்டிருந்தோம்?"

அவர் யோசித்து, கரையோரம் நட்டிருந்த ஒரு மூங்கிலைக் காட்டினார். நான் அதைப் பார்த்தேன். கல் எறிந்தால் விழுகிற தூரம்.

"அங்கேதானா? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே சாமி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கால் கட்டைவிரலால் மணலைக் கிளறினார்.

"போடலாம்னுதான் வாயைத் தொறந்தேன். அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்களேன்னு... சங்கடமா இருந்துச்சு. நீங்க எப்படியும் எண்ணிப் பாத்துட்டு வருவீங்கன்னு உக்காந்துட்டேன்."

நான் அவரை முதல்முறையாக அப்போதுதான் நேராகப் பார்த்தேன். காலையிலிருந்து எட்டு மணி நேரம் கூடவே இருந்தவர். முகங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு நான் செருப்பை எண்ணினேன். முகங்கள் பார்க்குமே என்று கூச்சப்பட்டு அவர் கூப்பிடாமல் விட்டார். இரண்டு கூச்சக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆளைத் தீவில் விட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. சேற்றில் இறங்கி நடக்கும்போதுகூட அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

படகில் ஏறியதும் அவர் பயந்தது அப்படியே நடந்தது. அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். போதாததற்கு யாரோ "சாமியே..." என்று ஆரம்பிக்க, மற்றவர்கள் "சரணம் ஐயப்பா" என்று முடித்தார்கள். பாய் கைகொடுத்து அவரை மேலே இழுத்துவிட்டார். மாமி டப்பாவை நீட்டினார். "சாப்பிட்டாச்சோல்லியோ? இனிமே சாக்குச் சொல்லப்படாது." சாமி காது வரை சிவந்துபோய் ஒரு நெய்யப்பம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் டப்பா சுற்றி வந்தது. படகின் அடி இரண்டு முறை சேற்றில் மாட்டியது. தி.நகர் இளைஞரும் பாயும் நானும் இறங்கித் தள்ளினோம். அப்புறம் ஆழத்துக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முன்பே ரிவ்யூவைப் படித்திருந்தார். போனை என்னிடம் திருப்பிக் காட்டினார். "ஒரு ஆளைத் தீவுல மறந்துட்டாங்க. ஆனா அதை ஒளிக்கல. திரும்பிப் போய்க் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு டிக்கெட்டுல தீவை ரெண்டு தடவை பாத்தோம். நெய்யப்பம் அருமை." தி.நகர் இளைஞர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். முதலாளி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அடுத்த ட்ரிப்புக்கு நெய்யப்பம் கேட்டு யாராவது வந்தா என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் எண்ணும் முறை மாறிவிட்டது. வேனிலேயே ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பெயரைக் கேட்டுவிடுவேன். முதல் சில வாரம் காது சூடாகும், அப்புறம் பழகிவிட்டது. படகு புறப்படும் முன் "உங்க பக்கத்துல உக்காந்து வந்தவங்க இருக்காங்களா?" என்று எல்லோரிடமும் கேட்பேன். முக்கியமாக, தனியாக வந்தவரைத் தேடிப் பிடிப்பேன். சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவரை நீங்கள் மறக்கவே முடியாது. அவரே விடமாட்டார். கூப்பிடாமல் பையை மடியில் வைத்துக் காத்திருப்பாரே, அவரைத்தான் காலையிலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வரலாற்றில் ஒரு வருடம் மாற்றிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

தப்பு நடந்தால் என்ன செய்வது என்று உங்களில் ஒருவர் என்னைக் கேட்டீர்கள். மணி அடியுங்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகு பின்வாங்க முடியாது.

அடுத்த வருடம், அதே மார்கழியில், சாமி மறுபடி வந்தார். இந்த முறை தனியாக இல்லை. பட்டறையில் வேலை செய்கிற மூன்று பேரைக் கூட்டி வந்திருந்தார். நான்கு பேரும் மாலை போட்டிருந்தார்கள். நான்கு பேரும் வெறுங்கால். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பெயர் கேட்டேன். "சாமி" என்றார்கள் நான்கு பேரும். கேலி செய்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

படகுத்துறையில் அவர் தோள்பையைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய நான்கு பொட்டலங்களை எடுத்துப் பிரித்தார். நான்கு ஜோடி ரப்பர் செருப்பு. ஒருவரும் காலில் மாட்டவில்லை. கிரேடில் வரிசையாக அடுக்கிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நாலு ஜோடி சாமி. கணக்குல சேத்துக்கங்க."

பின்னாலிருந்து படகுக்காரர் எட்டிப் பார்த்தார். கிரேடையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நைனா, நாளைக்கே நானும் ஒரு ஜோடி வாங்கிர்றேன். உன்னைய நம்பி இந்தத் தண்ணியில போவ முடியாது."